சொந்தக்காரரிடம் சம்மதம் கேட்பதா

என் கணவர் மர்சூக்குக்கு ஒரு சாமான் தேவைப்பட்டால் அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். வாடகை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. தண்ணீர்ப் பம்பு அப்படி வந்தது, வெல்டிங் மிஷின் அப்படி வந்து ஒருநாளும் பற்றவைக்காமல் மூலையில் கிடக்கிறது. கடைசியில் மெயில் அனுப்புகிற மென்பொருளும் அப்படித்தான் வந்து, எங்கள் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தியது. நான் ஜெனூபா. பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்த பாவி.

கல்முனையில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. சாரம், துவாய், படுக்கை விரிப்பு. சீசன் தொடங்கினால் அறுகம்பேயிலும் ஒரு சின்னக் கடை போடுவோம். அலையில் விளையாட வருகிற வெள்ளைக்காரர்கள் அங்கே கடற்கரைத் துணி வாங்குவார்கள். போகும்போது புதுத் துணி வந்தால் அறிவியுங்கள் என்று மெயில் முகவரியையும் தந்துவிட்டுப் போவார்கள். தங்கள் நாட்டிலிருந்தும் ஓடர் போடுவார்கள். மழைகாலத்தில் எங்கள் அடுப்பு எரிவது அந்த ஓடர்களால்தான். முகவரிகள் கூடிப்போய், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஏலாமல் போனதும், எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்புகிற மென்பொருள் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அதுவரைக்கும் நல்ல முடிவு. எது என்பதில்தான் சனியன் பிடித்தது.

என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அர்ஷாத், கட்டாரில் ஒரு ஹோட்டலில் இந்த வேலையேதான் செய்தவர். இப்போது திரும்பிவந்து சாய்ந்தமருதில் தன் மனைவி வீட்டில் இருக்கிறார். அவர் சொன்னது வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் மென்பொருள். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும், அனுப்புவது, சேர்வது, கணக்குக் காட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. என் கணவருக்கோ பெரியநீலாவணையிலிருந்து வந்து கல்முனையில் கொம்பியூட்டர் திருத்துகிற கோகுலன் வேறொன்றைச் சொல்லியிருந்தான். மென்பொருள் இலவசம், மெயில் அனுப்ப நாமே சொந்தமாக ஒரு சேவர் எடுத்து அதில் ஏற்றிக்கொண்டால் ஒருவனும் நம்மைக் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்கமாட்டான் என்ற இடத்திலேயே இவர் விழுந்துவிட்டார்.

காக்கா பொறுமையாகத்தான் விளக்கினார். புதுச் சேவரைப் பெரிய மெயில் கொம்பனிகளுக்குத் தெரியாது, தெரியாதவன் அனுப்புவதை அவர்கள் ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டிக்குள் தள்ளுவார்கள், நல்ல பேர் எடுக்க மாதக்கணக்காகும், எடுத்த பேர் கெட ஒரு கிழமை போதும், வேண்டாமென்று விலகினவனுக்கு மறுபடி அனுப்பவே கூடாது என்றார். நானும் காக்காவின் பக்கம் கதைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காக்கா லெப்டொப்பைத் திறந்து கொம்பனியில் கணக்குத் தொடங்கினார். என் கணவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முகவரிகளை ஏற்றும்போதுதான் காக்கா கவனித்தார், வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து எங்கள் சொந்தக்காரர் முழுப்பேரும் வந்து நிற்கிறார்கள். இவருடைய மாமாமார், என் வாப்பாவின் தம்பிமாரான சாச்சாமார், அவர்களின் மருமகன்மார், சவூதியில் இருக்கிற பேரன்மார் வரைக்கும். இவர்கள் எதற்கு என்று கேட்டதற்கு என் கணவர், நாளைக்குத் தெரியவந்தால் வெள்ளைக்காரனுக்கு அனுப்பினான், எங்களுக்கு அனுப்பவில்லை என்று சொல்லமாட்டார்களா என்றார். அதில் பொய்யில்லை. எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காது குத்தினாலும் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வீடு தவறினால் அந்த வீட்டுக்காரர் அதை மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டார், அதன் பிறகு அவர் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அப்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த முகவரிக்காரர் எல்லாரும் உங்களிடமிருந்து மெயில் பெறச் சம்மதித்தவர்களா? ஆம் என்றால் இங்கே அடையாளமிடுங்கள்.

காக்கா கையை எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் சம்மதித்தவர்கள், இவர்களை யார் கேட்டது, பள்ளிவாசலில் இருந்து இப்போதுதான் வந்தேன், பொய்க்கு அடையாளம் போட ஏலாது என்றார்.

என் கணவர் எழுந்தே விட்டார்.

“சொந்தக்காரனிட்ட சம்மதம் கேக்கிறதா மச்சான்? வெக்கமில்லாத கதையொண்டு. அப்பிடிக் கேக்கிற கொம்பனி எனக்குத் தேவல்ல.”

அவ்வளவுதான். மறுநாள் கோகுலன் வந்தான். எங்களுக்கென்று சேவர் வந்தது. அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு மெயில்கள் போகத் தொடங்கின. என் மகள் ஸம்றா இங்கிலிஷில் எழுதிக் கொடுப்பாள், இவர் மேலே ஸலாமும் கீழே துஆவும் வைத்து அனுப்புவார். சந்தையில் காண்கிறவன் எல்லாம் “மெயில் வருது மச்சான், மாஷா அல்லாஹ்” என்பான். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஓடர் மட்டும் வரவில்லை. மழை தொடங்கியது, விரிப்புகள் அடுக்கினது அடுக்கினபடியே கிடந்தன. கோகுலன் வந்து தோண்டிப் பார்த்தான். வெள்ளைக்காரர்களுக்குப் போன மெயில் முழுவதும் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்தது. சொந்தக்காரர்களில் ஒருவரும் மெயிலைத் திறப்பதே இல்லை, அதற்குள் சிலர் இது ஸ்பாம் என்று பொத்தானை வேறு அமத்திவிட்டிருக்கிறார்கள், அதனால் சேவரின் பேர் கெட்டுப்போனது என்றான். அமத்தியது யார் என்று தெரியுமா என்று இவர் கேட்டார். அது தெரியாது, ஆனால் எனக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று முறையாக விலகியவர் யார் என்று மட்டும் தெரியும் என்றான்.

விலகியவர் ஒரே ஒருவர். என் காக்கா.

மாஷா அல்லாஹ் சொன்னவர்களில்தான் பின்னால் ஸ்பாமில் அமத்தியவர்களும் இருக்கிறார்கள் என்பது இந்த மனிசனின் மண்டையில் ஏறவே இல்லை. மச்சான் என்னை வெட்டிவிட்டார் என்பது மட்டும் ஏறிவிட்டது. காக்காவின் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். வழியில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுப் பராக்குப் பார்த்துக்கொண்டு போனார். ஆண்களின் றோசம், நாலு நாளில் ஆறும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அதற்குள் ஸம்றாவின் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள்.

எந்த வீட்டுக்கு எப்போது போய்ச் சொல்வது என்று பேச உட்கார்ந்தபோது, முதலில் காக்காவின் வீட்டுக்குப் போவோம் என்றேன். தாயின் கூடப்பிறந்தவருக்குத்தானே முதலில் சொல்வது.

“அவர் விலகினவர். விலகினவருக்கு அனுப்பப் படாதெண்டு அவர்தானே நமக்குச் சட்டம் சொன்ன,” என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது. எங்கள் வாப்பா நேரத்தோடு மௌத்தானவர். நான் இருக்கிற வீட்டை, இவர் மாப்பிள்ளையாக வந்து கால் வைத்த இந்த வீட்டை, கட்டாரில் வெயிலில் கிடந்து கட்டித் தந்தவர் காக்கா. எனக்கு முடித்துவைத்த பிறகுதான் தனக்குக் கலியாணம் பேசவிட்டார். அந்த வீட்டில் நடக்கிற என் மகளின் கலியாணக் காவினுக்கு அவருக்குச் சொல்லாமல் விடுவதா? எனக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். அவர் இல்லாமல் அந்தப் பந்தலில் நான் எந்த முகத்தோடு நிற்பது? இதையெல்லாம் கத்திச் சொன்னேன். சுவருக்குச் சொன்னது மாதிரி இருந்தது.

நான் தனியாகச் சாய்ந்தமருதுக்குப் போனேன். காக்கா கோபப்படவில்லை. நான் திறக்காமல் வைத்திருந்தால் சேவரின் பேர் கெடும், ஸ்பாமில் அமத்தினாலும் கெடும், மச்சானுக்குக் கெடுதல் வராத வழி அது ஒன்றுதான், அதனால் விலகினேன் என்றார். அப்படியென்றால் கலியாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

“நீ சொன்னா ஒன்ட மச்சி வருவா. நான் வாறெண்டா மச்சான் வந்து சொல்லணும் புள்ள. சொல்லாத ஊட்டுக்கு எப்பிடி வாற?” என்றார். இத்தனை படித்தவர். அவருக்கும் அதே வியாதி.

வீட்டுக்கு வந்து காக்கா சொன்ன காரணத்தை இவரிடம் சொன்னேன். ஓஹோ, முறையாக வெட்டினவராமா என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் கோகுலன் கடையைக் காப்பாற்றுகிறேன் என்று வந்தான். மெயிலைத் திறக்காதவர்களுக்குக் கடைசியாக ஒன்று அனுப்பிவிட்டு நீக்குகிற வசதி மென்பொருளிலேயே இருக்கிறதாம். அப்படி நீக்கினால் சேவரின் பேர் மெல்ல மெல்லத் திரும்புமாம். திறக்காதவன் என்றால் யாரோ தூரத்து வெள்ளைக்காரன் என்று நினைத்து, செய் தம்பி செய் என்று சொல்லிவிட்டு இவர் கலியாணப் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டார். கோகுலன் பாவம், இங்கிலிஷில் இருந்த வாசகத்தை மிஷினைக் கொண்டே தமிழாக்கி, நல்ல மரியாதையாக அனுப்பினான்:

“அன்புள்ள கச்சிமுகம்மது அவர்களே, நீங்கள் எங்களோடு தொடர்பில் இருக்க விரும்பவில்லை என அறிகிறோம். எனவே உங்கள் பெயரை நீக்குகிறோம். இதுவரை எங்களோடு இருந்தமைக்கு நன்றி. இப்படிக்கு, மர்சூக் குடும்பத்தினர்.”

கச்சிமுகம்மது இவருடைய மூத்த மாமா. உம்மாவின் காக்கா. குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. மெயில் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, போனைப் பேத்திதான் பார்ப்பாள். அவள் வாசித்துக் காட்டிவிட்டு, அதைப் படமெடுத்துக் குடும்பத்து வட்ஸ்அப் குறூப்பிலும் போட்டுவிட்டாள். எங்களுக்கும் வந்திருக்கிறதா என்று எல்லாரும் ஸ்பாம் பெட்டியைக் கிண்டினார்கள். எல்லாருக்கும் வந்திருந்தது, அவரவர் பேர் போட்டு. எங்கள் சேவர் தொடங்கிய நாளிலிருந்து அத்தனை பேரும் திறந்து பார்த்த மெயில் அது ஒன்றுதான்.

கலியாணத்துக்கு முந்தின மாதம் இது. குறூப்பில் ஒருவரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் விலகிப்போனார்கள். இவர் ஓடிப்போய் என் சாச்சா ஒருவரின் வீட்டில் கலியாணம் சொன்னார். நாங்கள் நீக்கப்பட்ட ஆட்கள்தானே, எங்களுக்கு எதற்கு என்று சாச்சா கேட்டாராம். அடுத்த வீட்டில் கேட்டையே திறக்கவில்லை. மாமாவின் வீட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை. வந்து கதிரையில் குந்திக்கொண்டு, ஒருத்தரும் வராத கலியாணமாகப் போகப்போகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நல்லா வேணும் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்க்கச் சகிக்கவில்லை.

“இந்த ஊருலகத்தில அந்த மெயில் போகாத ஊடு ஒண்டே ஒண்டுதான் இரிக்கு. அங்க போவமா?” என்றேன்.

அஸர் தொழுதுவிட்டுப் போனோம். காக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றபடி இவர் கூப்பிடவும் மாட்டார், திரும்பவும் மாட்டார். நான்தான் சத்தம் கொடுத்தேன். காக்கா வந்து உள்ளே வரச் சொன்னார். இவர் நின்ற இடத்திலேயே நின்று, நாளையும் நேரத்தையும் ஒப்புவித்துக் கலியாணம் சொன்னார். வாறன் என்றார் காக்கா. சொல்ல வந்தது முடிந்தும் இவர் போகவில்லை.

“மச்சான், எனக்கு ஒருத்தரும் இல்லாமப் போய்த்து. மாமாட ஊட்டுக்குத் தனியப் போக ஏலாம இரிக்கு. நீங்களும் வரணும்.”

காக்கா கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

“நல்லதுக்கும் கூப்பிடுங்க, கெட்டதுக்கும் கூப்பிடுங்க, வாறன். அந்த லிஸ்டில மட்டும் என்னப் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டுச் சேர்ட்டை மாற்ற உள்ளே போனார்.

அன்றைக்கே மூவரும் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா எங்களை உட்காரச் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. காக்காதான் கதைத்தார். மிஷினின் குணத்தை, அது தானாக அனுப்பியதை, இதில் மச்சானின் மனது சம்பந்தப்படவில்லை என்பதை மெல்ல மெல்லச் சொன்னார். வாயைத் திறந்து ஒரு முறையாவது நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. மாமா கடைசியில் இவர் பக்கம் திரும்பி, மிஷின் செய்ததா நீ செய்ததா என்று கேட்டார். நான்தான் செய்தேன், மாப்புத் தாருங்கள் மாமா என்று இவர் அவருடைய கையைப் பிடித்தார். மாமாவும் பிடித்துக்கொண்டார். மாமி தேத்தண்ணி ஊற்ற எழும்பினா. மாமா வந்தால் மற்ற வீடுகளும் வரும், அது எல்லாருக்கும் தெரியும்.

“சரி, போகட்டும்,” என்றார் மாமா. “அந்த மெயில் இனி எங்களுக்கு வருமா வராதா?”

இவர் தடுமாறிப்போனார். “நீங்க அதப் பாக்கிற நீங்களா மாமா?”

“பாக்கிறல்ல. என்னத்துக்குப் பாக்கிற? ஆனா வரணும்.”

என் கணவர் காக்காவைப் பார்த்தார். காக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

“வரும் மாமா,” என்றார் காக்கா, முகத்தை நேராக வைத்துக்கொண்டு. “கடைக்கு வேற கொம்பனி எடுக்கப் போறோம். ஒங்களுக்கெண்டே மச்சான் சொந்தமா ஒரு சேவர் வெச்சிரிக்கார்.”

அதற்கு மேல் இருவராலும் அடக்க முடியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் காக்காவும் என் கணவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமிக்கு உதவ அடுப்படிக்குப் போனேன்.