இரட்டை நாலு

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே எழிலரசன் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ராஜகிரிக் கோட்டை ஏறும்போது கைநழுவி விழுந்த போன்கள்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வரும்படி. போன வருஷம் நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கினான். போர்டில் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைக்கூட அது சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் காட்டும்.

அவன் அக்கா மணிமொழி அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்கு வந்தாள். அவன் போனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல் கைப்பையில் இருந்த வெள்ளி ரூபாயை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். 1840ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய். அனந்தபுரத்தில் பயிர் வைக்கும் அவர்கள் நைனா ராஜாராம், சின்ன வயதில் ஆளுக்கொன்றாக இரண்டு பேருக்கும் கொடுத்தது. எழிலரசனுடையது கடைக் கல்லாவில் கிடந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி.

திரையில் வருஷத்தைப் பார்த்தவள், நாலு ஏன் இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டாள். எழிலரசன் குனிந்து பார்த்தான். உண்மைதான். ஒரு நாலின் தோளுக்குப் பின்னால் இன்னொரு நாலு எட்டிப் பார்த்தது. தன் காசையும் வைத்துப் பார்த்தான். அதில் ஒரே நாலு.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஆனந்தராஜ் பழைய காசு சேர்ப்பவர், கடையின் வாடிக்கையாளர். படம் அனுப்பியதும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். காசு அடிக்கும் அச்சில் எண்ணைப் பொறிக்கும்போது முதல் அடி தள்ளி விழுந்தால், அதன்மேலேயே இன்னொரு அடி அடித்துச் சரிசெய்வார்களாம். அந்த அச்சில் அடித்த காசெல்லாம் இப்படித்தான் இரட்டையாக இருக்கும், இதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு என்றார். காசுக்குத் தரம் போடும் கம்பெனிக்கு அனுப்பினால் காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று எழுபதுக்கு மார்க் போட்டு, எந்த அச்சு என்பதையும் லேபிளில் எழுதி, பிளாஸ்டிக் கேஸில் வைத்து மூடித் தருவார்கள். அனுப்புவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துவிடட்டுமா என்று மணிமொழி கேட்டாள்.

"அந்த வேலைய மட்டும் பண்ணாதம்மா. தேய்ச்ச காசுக்கு மார்க்கே கெடயாது" என்றார் ஆனந்தராஜ், காசைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே.

இரண்டு காசையும் தனித்தனிக் கவரில் பேர் எழுதி ஒரே பார்சலில் அனுப்பினான் எழிலரசன். பார்சல் திரும்பி வர இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. அதற்குள் மணிமொழி வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகுதான் பிரித்தார்கள்.

மணிமொழியின் கவரில் இருந்த கேஸில் ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அச்சைப் பற்றி ஒன்றும் இல்லை. எழிலரசனுடையதில் நாற்பத்தைந்துதான், ஆனால் கீழே இரட்டை நாலு என்று எழுதியிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்சல் கட்டும்போது காசைக் கவர் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்றான் எழிலரசன். கம்பெனிக்காரன் தப்பாகவா எழுதியிருப்பான் என்று மணிமொழியும் ஒத்துக்கொண்டாள். வந்தது வந்தபடியே அவரவரிடம் இருக்கட்டும் என்றாள். அவளுக்கு வருத்தமும் இல்லை. நாலு ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன, பள்ளிக்கூடத்தில் தம்பியைவிட ஒருமுறைகூட அதிக மார்க் வாங்காதவள் இப்போது பதிமூன்று மார்க் முன்னால் நின்றாள். மறுநாளே நர்ஸ்களுக்கெல்லாம் பாதுஷா வாங்கிக் கொடுத்தாள். எழிலரசன் தன் கேஸைக் கடைக் கண்ணாடி ஷோகேஸில் புது போன்களுக்கு நடுவே நிறுத்திவைத்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட உள்ளே வந்து விசாரித்தார்கள். அவனும் அலுக்காமல் விளக்கினான்.

ஆனந்தராஜ் தன் வாட்ஸப் குழுவில் போட, அந்த நாலைப் பெரிதாக்கி ஒரு படம் கேட்டார். எழிலரசன் கேஸை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தான். லேபிளில் இரண்டு நாலு இருந்தது. காசில் ஒன்றுதான் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான், கேஸைத் திருப்பினான். ஒன்றேதான்.

படம் சரியாக வரவில்லை, நாளைக்கு அனுப்புகிறேன் என்று ஆனந்தராஜுக்குச் சொன்னான். கேஸை மறுபடி ஷோகேஸில் வைத்தான். அன்று சாயங்காலமும் ஒருவர் வந்து அதைக் காட்டிக் கேட்டார். எழிலரசனுக்கு விளக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. அக்காவிடம் சொல்லாமலே இருந்தால் அவளுக்கும் சந்தோஷம், தனக்கும் சந்தோஷம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஷோகேஸ் பக்கம் திரும்பத்தான் முடியவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். மணிமொழி மருந்து கொடுக்கும் ஜன்னலோரம் நின்று ஆம்புலன்ஸ் டிரைவர் தனசேகரனுக்குத் தன் ஐம்பத்தெட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கேஸோடு கடைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தான்.

அவள் வந்ததும் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான். ஐம்பத்தெட்டு என்று எழுதிய கேஸுக்குள் இரண்டு நாலு பளிச்சென்று தெரிந்தது. கம்பெனியில் லேபிளை மாற்றி வைத்துவிட்டார்கள், கவர் மாறவில்லை, இரட்டை நாலு காசு இத்தனை நாளும் உன் கேஸில்தான் இருக்கிறது என்றான்.

மணிமொழி இரண்டு கேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேபிள்களைப் படித்தாள்.

"லேபிள் மாறிச்சுன்னா மார்க்கும் மாறிச்சுன்னுதான அர்த்தம்?"

"ஆமாக்கா."

"அப்ப அம்பத்தெட்டு உன்துதா?"

எழிலரசன் அதை யோசித்திருக்கவே இல்லை. தன் பெருமை போகப்போகிறது என்ற கவலையிலேயே இருந்தவன், மார்க்கை மறந்துவிட்டிருந்தான். முகத்தில் வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"இன்னாடா சிரிப்பு? வாங்கிக் குடுத்த பாதுஷாவ நான் யார்கிட்ட போய் திருப்பிக் கேக்குறது?" என்றாள் மணிமொழி. அதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பேசினார்கள். வேண்டாம் என்றவள் மணிமொழிதான். ஒரு நோயாளியின் சீட்டை இன்னொரு நோயாளியின் கட்டிலில் மாட்டி வைத்த மாதிரி இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும் என்றாள். எழிலரசன் கம்பெனிக்குப் படத்தோடு எழுதினான். அவர்கள் மன்னிப்புக் கேட்டு, பாண்டிச்சேரியில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்கு வருகிறோம், அங்கே கொடுத்தால் தங்கள் செலவில் சரிசெய்து அனுப்புகிறோம் என்று பதில் போட்டார்கள். அக்காவும் தம்பியும் திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு, கடற்கரையில் சுண்டல் தின்றுவிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் மட்டுமாக ஒன்றாக எங்கேயும் போய் வருஷக்கணக்காகியிருந்தது.

சரியான லேபிளோடு கேஸ்கள் வந்து சேர்ந்த அன்று ராஜாராமும் கடைக்கு வந்தார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஏலம் முடியும்வரை இருக்கலாம் என்று வந்திருந்தார். மகள் தன் இரட்டை நாலைக் காட்டினாள், மகன் தன் ஐம்பத்தெட்டைக் காட்டினான். இரண்டுக்கும் ஒரே அளவில் தலையாட்டினார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து நாலைந்து நெல்மணிகளை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் போட்டார்.

திரை முழுக்கப் பொன்னிறமாக வரப்பு வரப்பாய் ஒரு நெல் விரிந்தது. அதன் முதுகில் இருந்த மெல்லிய முடிகள்கூடத் தெரிந்தன. ராஜாராம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு எத்தினி மார்க் போடுவான்?" என்று கேட்டார்.

நிறைய போடுவான் நைனா என்றான் எழிலரசன். அவர் விரல் நுனியால் நெல்லை மெதுவாகப் புரட்டி, அடுத்த பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்.