காணாமல் போன மஞ்சள் டாக்சி

அக்காவின் தையல் மேசையில் துணி பரவாத ஒரு சாண் இடத்தில் என் பொம்மைக் கார்களை எடுத்து வைத்தேன். அவள் நான்கு குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு யாருடைய பாவாடைக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். இன்னுமா இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று புருவத்தாலேயே கேட்டாள்.

அலையத்தான் செய்கிறேன். வாகனக் காப்பீட்டில், விபத்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலை எனக்கு. இடித்தவரும் இடிபட்டவரும் வாயால் சொன்னால் கதை ஆளுக்கொரு பக்கம் போகும். கையில் ஆளுக்கொரு சின்னக் காரைக் கொடுத்து, நடந்ததை மேசையில் ஓட்டிக் காட்டுங்கள் என்றால் பொய் சொல்லக் கை கூசும். அதற்கென்று நான் புதிதாக எதையும் வாங்கவில்லை. எல்லாம் ஆறு வயதுக்குள் சேர்த்தவை. அப்பா அப்போது ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கம்பெனி காரில் ஊர் ஊராகப் போய்விட்டு வரும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு வண்டியை எடுத்து நீட்டுவார். முப்பத்தொரு வண்டிகள் இருந்தன. கதவில்லாத சிவப்பு ஜீப், ஏணி ஒடிந்த தீயணைப்பு வண்டி, பின்னால் இழுத்து விட்டால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொள்ளும் நீலக் கார். போர்வையில் இருந்த கோடுகள்தான் நெடுஞ்சாலை. முழங்காலைத் தூக்கினால் மலை. விளையாடி முடித்தபின் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் இரும்பு வாசனைக்காகவே கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் கொட்டு வாங்குவேன். எல்லாவற்றுக்கும் ராஜா ஒரு மஞ்சள் டாக்சி. நல்ல கனம். அது மட்டும் ஒருநாள் காணாமல் போயிற்று. நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள்.

"இந்த வாரம் ஒரு கூத்து கேளு" என்று அக்காவிடம் ஆரம்பித்தேன். ஒரு பெண் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறாள். திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் இறங்கவில்லை. வண்டி நேராகப் போய் ஒரு கடைச் சுவரில் முட்டி நின்றது. மெக்கானிக் குனிந்து பார்த்தால், பிரேக்குக்கு அடியில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். தீயணைப்பு வண்டியைச் சுவராக நிறுத்தி, நீலக் காரை அதில் கொண்டுபோய் மோதிக் காட்டினேன்.

"ஒரு பிள்ளையை அடக்கி உட்கார வைக்கத் தெரியாது, இதுல ஸ்டியரிங் வேற. ஓட்டுநரின் கவனக்குறைவுன்னு ஒரே வரி. எழுதி வச்சுட்டேன், நாளைக்கு அனுப்பணும்" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"அப்பாவும் அப்படித்தான்டா எழுதிக் கொடுத்தார். என் கவனக்குறைவுன்னு."

"எப்போ? அந்தத் தபால்காரர் மேல கார் மோதின விஷயமா? ஆமா, அப்பா அசந்துட்டார்னு சொல்வாங்களே."

"அசரல." அவள் என் கையிலிருந்த நீலக் காரையே பார்த்தாள். "உன்னோட டாக்சி."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் காது அடைத்துக்கொண்டது. அவள் உதடு அசைவது தெரிந்தது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது. அவளும் நானும் பின் சீட்டில். நான் சீட் விளிம்பில் அதை ஓட்டிக்கொண்டிருந்தேனாம். சாலை இறக்கத்தில் கை நழுவி விழுந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் உருண்டு போனதாம். என் வண்டி, என் வண்டி என்று நான் கத்தினேனாம். எதிரே சைக்கிளில் தபால்காரர். அப்பா மிதித்தார். மிதி இறங்கவில்லை.

"கூட்டம் சேர்றதுக்குள்ள அப்பா குனிஞ்சு எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். பை ஒரு பக்கமாத் தொங்குச்சு. எனக்கு அதுதான் இப்பவும் கண்ணுல நிக்குது. தம்பிகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, சாகற வரைக்கும்."

"நான் தூங்கிட்டு இருந்தேன்க்கா."

"தூங்கிட்டு இருந்தேன்னு உனக்குச் சொன்னோம்."

முப்பத்தாறு வருடம். அந்தக் காரில் நான் கண் விழித்ததும், கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசலைப் பார்த்ததும் என் சொந்த நினைவு என்றே இருந்தேன். அப்பாவுக்கு வேலை போனது, கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதப் போனது, அதன்பிறகு ஒரு வண்டிகூட வாங்கி வராதது எல்லாவற்றையும் அவருடைய தலையெழுத்து என்று நினைத்திருந்தேன். பெரியவனானபின் ஒருமுறை சண்டையில், "நீங்க தூங்கினதுக்கு நாங்க ஏன் கஷ்டப்படணும்?" என்று கேட்டுமிருக்கிறேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விபத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போவார். தபால்காரருக்கு இடது கால் முழங்காலோடு சரி. எனக்கு அவர் மாமா. கால் எங்கே மாமா என்று ஒருநாள் கேட்டேன். "எங்கேயோ வச்சுட்டேன் மருமகனே, தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். "நானும் என் டாக்சியைத் தேடிக்கிட்டிருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாமா?" என்றேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இத்தனை வருடம் சொல்லாததை இன்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சிரிச்சியே" என்றாள் அக்கா. "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

மேசையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அப்பா மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயது ஆள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா. என் மஞ்சள் டாக்சி."

பூதக்கண்ணாடி ஒரு எழுத்தின் மேல் நின்றது.

"உன்கிட்டதான் வண்டி வண்டியா கிடந்துச்சே. அதுல எது?"

"பிரேக்குக்கு அடியில போனது."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நீ தூங்கிட்டு இருந்தே" என்றார்.

"இல்லப்பா..."

"தூங்கிட்டு இருந்தேடா." அதட்டல் மாதிரி வந்தது, முடியும்போது கெஞ்சலாக இருந்தது. "சின்னப் பிள்ளை. உனக்கு என்ன தெரியும்?"

செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். முகத்தில் ஒன்றுமில்லை. எதிரே உட்காரக் குனிந்தபோதுதான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அவருடைய வலது பாதம் குதிகாலை ஊன்றி, விரல்கள் வெளுக்கத் தரையை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது.