இருபது கட்டம்

சி என்கிற கணினி மொழியில் இரண்டு சொற்களை ஒட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அந்தத் துயரத்திலிருந்து உலகை மீட்க வித்வான் எழுதிய நிரல்தான் ‘சுலபம்’. நாற்பத்தேழு கட்டளைகள், அவற்றைப் பயன்படுத்த நூற்றெண்பது பக்கக் கையேடு. அதில் முதல் பதினொரு பக்கம் வித்வானின் வாழ்க்கை வரலாறு.

வித்வான் என்பது நாங்கள் வைத்த பெயர். முதலாளிக்கு மைத்துனர். வெளியே ‘சார்’ என்பார். அறைக்கதவு சாத்தியதும் ‘அத்தான்’.

‘சுலப’த்தைச் சோதிக்கும் வேலை ஒரு பெண்ணுக்கு. அவள் தற்காலிகம். ‘பிழையில்லை’ என்று கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வீடு. அவள் போடவில்லை; வித்வானிடமே போய்ச் சொன்னாள்.

“சார், பேருக்கு இருபது கட்டம் குடுத்திருக்கீங்க. சொல்லு முடிஞ்சதுன்னு மெஷினுக்குச் சொல்ல கடைசியில ஒரு பூஜ்யம் வேணுமே? இருபது எழுத்துப் பேர் வந்தா பூஜ்யத்துக்கு இடமில்ல. நிக்காம பக்கத்துக் கட்டத்தையும் சேத்துப் படிச்சிரும்.”

“இருபது எழுத்துல எவம்மா பேர் வைப்பான்? ஆறு மாசம் வேல பாத்துட்டு எனக்கே பூஜ்யம் சொல்லித் தர்றியா? வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி.”

வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு விழா. ஊழியர் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்து எல்லாருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை அச்சடித்தது ‘சுலபம்’. சொந்தப் பெயர் மொட்டையாக இருக்கிறதென்று வித்வான் முன்னாலும் பின்னாலும் பட்டங்களைச் சேர்க்கச் சொன்னார். எண்ணி இருபது எழுத்து. பதிவேட்டில் அடுத்த கட்டம், ‘வேலைக்குச் சேர்ந்த வகை’. எங்களுக்கெல்லாம் ‘தேர்வு’ என்று எழுதியிருந்த குமாஸ்தா, பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மேடையில் வித்வான் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அட்டையும் நிமிர்ந்தது. முன்வரிசையில் இருந்த அவருடைய அக்கா, அதாவது முதலாளியம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி வாசித்தார்: பெயர், பட்டங்கள், அதோடு ஒட்டிக்கொண்டு ‘முதலாளிமைத்துனர்’.

“ஏன்டா, இத வேற போட்டுக்கணுமா? ஊருக்கே தெரியுமே!”

வாடிக்கையாளர்கள் சிரித்ததில் தேநீர்க் கோப்பைகள் ஆடின. முதலாளி சிரிக்கவில்லை. சோதித்தவளைக் கூப்பிட்டார்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அதனாலதான் கையெழுத்துப் போடல சார்.”

மைத்துனரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிரந்தர உத்தரவில் நின்றபடியே ஒப்பமிட்டார். “நீயே சரி பண்ணும்மா.”

இருபது என்றிருந்ததை அவள் இருபத்தொன்று ஆக்கினாள். நாலு நொடி வேலை.

திங்கட்கிழமை ‘சுலபம்: இரண்டாம் பதிப்பு’ வந்தது. வாழ்க்கை வரலாறு பன்னிரண்டு பக்கமாகியிருந்தது.