உலகம்மாள் சொன்ன பேர்

வெள்ளைக்காரத் துரை விழுந்துகொண்டே இருக்கிறார், சாரட்டின் படியில் வைத்த கால் வழுக்கி, தொப்பி முதலில், ஆள் பிறகு, கண்ணை மூடும்போதெல்லாம் விழுகிறார், திறந்தால் லாக்கப்பின் சுண்ணாம்புச் சுவர், மூடினால் மறுபடியும் தாலுகா கச்சேரி வாசல், கையில் சூடாய்த் துப்பாக்கி, ஐயோ கொன்றுவிட்டோமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை பிறவிப்பெருமாளுக்கு, தோன்ற வேண்டுமே என்று தேடிப் பார்த்தான், கிடைத்ததெல்லாம் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போன நெசவாளிகள்மேல் சுடச் சொன்ன அதே துரையின் குரலும், தன் மடியில் தலைசாய்ந்து தண்ணி என்று கேட்டுவிட்டு அது வருமுன்னே அடங்கிப்போன கூட்டாளி சுடலையின் முகமும்தான். சுட்ட கையோடு தன்னையும் சுட்டுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு, பாழாய்ப்போன துப்பாக்கி அடுத்த குண்டுக்கு வாயைத் திறக்கவில்லை, உயிரோடு அகப்பட்டுக்கொண்டான், சரி, உயிர் போனால் போகிறது, பேர் போகக்கூடாது, பேர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தன்னோடு காளி கோயிலில் கையடித்துச் சத்தியம் பண்ணிய பிள்ளைகள் அத்தனை பேரும் தூக்குக்கயிற்றுக்கு வரிசையாய் வந்து நிற்பார்கள்.

அடித்தார்கள், அம்மம்மா, என்ன அடி, சொல்லவில்லை, முகம் பூசணிக்காயாய் வீங்கியதில் அவர்களுக்கே வினை வந்தது, சுரண்டைப் பக்கம் ஒருத்தன் ஊரில் இல்லை என்று யாரோ துப்புச் சொல்ல, இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் கூட்டி வந்த ஊர்த் தலையாரி குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, இவனா, தெரியலையே எசமான் என்று கையை விரித்துவிட்டான். அப்படியானால் பெண்டாட்டியைக் கூட்டி வா என்றான் ஏகாம்பரம், அப்போதுதான் பிறவிப்பெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், உலகம்மாளா, கோழி அறுத்தாலே அழுகிறவளாயிற்றே, சீமைத் துணி கொளுத்திய அன்று கல்யாண வேட்டியையும் தூக்கிப் போட்டதற்கு, உங்க சுயராச்சியத்துக்கு எங்கப்பா எடுத்துக்குடுத்த வேட்டிதான் கெடைச்சுதாக்கும் என்று விடிய விடிய அழுதவளாயிற்றே, கொழும்பில் கடை வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேனே, இந்தக் கோலத்தில் பார்த்தால் ஓ என்று விழுந்துவிடுவாளே, எல்லாம் முடிந்தது, முடிந்தது.

வந்து நிற்கிறாள். ஒரே பார்வை, கண் இமைக்கவில்லை, அழவில்லை, இது யாருன்னே எனக்குத் தெரியாது ஐயா, எங்க வீட்டுல உள்ளவுக கொழும்புல இருக்காவ என்கிறாள், ஏகாம்பரம் சிரிக்கிறான், அவனும் இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவன்தானே, அப்படியா தாயி, ரொம்பச் சரி, இவன் உம் புருசன் இல்லேன்னா, இவன் மூஞ்சியைப் பாத்து உம் புருசன் பேரைச் சொல்லு, சொல்லிட்டு நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ என்கிறான். அடப் பாவி! எந்த வீட்டில் எந்தப் பெண்டாட்டி புருஷன் பேரை வாயில் எடுக்கிறாள், அதுவும் அவன் முகத்துக்கு நேரே, சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவர்களாயிற்றே, அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் உலகம்மாள் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மதினியைப் பார்ப்பாள், மதினி பேரைச் சொல்லுவாள், ஒரு தடவை சொல்லேன்ளா, யாருக்குக் கேக்கப்போகுது என்று இவன் கெஞ்சியபோதுகூட, சும்மா கெடங்க, உங்களுக்கு நூறு வயசு வேண்டாமா என்று இவன் வாயைப் பொத்தியவள், அந்தக் கையின் மஞ்சள் வாசனை இப்போதும் அடிக்கிறது, தூக்குக்குப் போகிறவனுக்கு நூறு வயசு.

உலகம்மாள் கம்பிக்குக் கிட்டே வந்தாள். கண்ணுக்குக் கண் பார்த்தாள். பிறவிப்பெருமாள், என்றாள், கச்சேரி முழுக்கக் கேட்கும்படி, எங்க வீட்டுக்காரவுக பேரு பிறவிப்பெருமாள், இந்த மூதியை நான் கனவுல கூடப் பாத்தது கெடையாது, இன்னொருக்கச் சொல்லட்டுமா ஐயா, பிறவிப்பெருமாள், போதுமா, இவன் எவனோ மூதி, மூதேவி, இவனுக்காவ என்னைக் காட்டுக்கும் மேட்டுக்கும் இழுத்தடிக்கியளே! ஏகாம்பரத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது, ஏகாம்பரத்தின் சொந்தப் பெண்டாட்டியே அவன் பேரைச் சத்தியமாய்ச் சொல்ல மாட்டாள், அது அவனுக்குத் தெரியும், ஆகையால் நம்பினான், போ தாயி போ என்று கையை ஆட்டினான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வெயிலில் இறங்கிப் போகிறாள், பிள்ளைகள் பிழைத்தார்கள், ஊர் பிழைத்தது, பிறவிப்பெருமாளின் நெஞ்சு சந்தோஷத்தில் வெடித்துவிடும்போல இருந்தது, என்ன குரல், என் பேர் இத்தனை அழகா, அடி என் ராசாத்தி, கடைசியில் சொல்லிவிட்டாயே. ஏகாம்பரம் கம்பியை ஓங்கித் தட்டினான், கடைசியாக் கேக்கேன், உம் பேரு என்னலே?

வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டுப் பிரித்துச் சிரித்தான் அவன். அந்தம்மா சொல்லிட்டுப் போறாவல்லா, மூதின்னே எழுதிக்கிடுங்க ஐயா.