பத்துக் கெஜத் தொட்டி

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மரத்தளத்தை உடைத்துப் போட இரும்புக் குப்பைத் தொட்டி வாடகைக்கு வேண்டும் என்று போன் செய்தேன். தளம் எத்தனை அடி என்று கம்பெனிப் பெண் கேட்டாள். பதினாறுக்கு இருபது என்றேன்.

"அப்படின்னா இருபது கன கெஜத் தொட்டி எடுத்துக்குங்க சார்."

பெரியதைத் தலையில் கட்டத்தான் இவர்களுக்குச் சம்பளம். பத்துப் போதும் என்றேன்.

"பத்துல அடங்காது சார்."

"நீ அடுக்கினா அடங்காது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன ஜனவரியில் அந்தத் தளத்தில் ஒரு பலகை உடைந்து, என் இடது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. பனியில் அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த பக்கத்து வீட்டு லைல் பார்த்துத் தூக்கிவிட்டான். தூக்கியதோடு நிற்காமல் என் மகள் மார்லிசுக்குப் போனும் போட்டான். அன்றிலிருந்து அவள் வாயில் ஒரே பேச்சு. வீட்டை விற்றுவிட்டு அவளோடு வந்து இருக்க வேண்டும் என்று.

எழுபத்தாறு வயதில் வாக்குவாதம் செய்து ஜெயிக்க முடியாது. பந்தயம் கட்டினேன். தளத்தை நான் ஒருவனே உடைத்து, ஒன்று விடாமல் ஒரே தொட்டியில் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பிவிட்டால் விற்கிற பேச்சை அவள் விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டும். அவள் கை கொடுத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கை இரும்பு மாதிரி.

திங்கட்கிழமை தொட்டி வந்தது. கொண்டுவந்தவள் ரோண்டா, ஐம்பது வயதிருக்கும். சிமெண்ட் பாதை கீறாமல் இருக்க அடியில் பலகை போட்டுத்தான் இறக்கினாள். அதற்காக அவளை நம்பிவிடவில்லை. ஒரு தாளை நீட்டினாள். சின்ன எழுத்தெல்லாம் ஏமாற்றுவதற்கென்றே எழுதுவது. அதனால் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

உடைப்பது எளிதாக இல்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஆணியை நம்பாமல் எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கினவன் நான். என் வேலையோடு நானே நாலு நாள் மல்லுக்கட்டினேன். பலகைதான் மேலே மக்கியிருந்தது. போல்ட் ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை. திட்டிக்கொண்டே அறுத்தேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

தொட்டியின் பின்கதவைத் திறந்து வைத்து உள்ளே நடந்துபோய் அடுக்கினேன். பெரும்பாலோர் மேலிருந்து வீசி எறிவார்கள். பாதித் தொட்டி காற்றுதான் போகும். தளத்தின் கால்கள் நின்ற ஒன்பது கான்கிரீட் கட்டைகளையும், வாளியில் ஊற்றி நானே வார்த்தவை, உருட்டிப்போய் அடியில் வைத்து, மேலே மரத்தை ஏற்றினேன். இரவு மழை நனைத்து எடை ஏறாமல் தார்ப்பாய் போட்டு மூடினேன். வியாழன் மாலை தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே எல்லாம் அடங்கிவிட்டது. இடுக்கில் விரல் நுழையாது.

வெள்ளி காலை பத்து மணிக்கு மார்லிஸ் வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. நான் ஜெயித்த மாதிரிதான். ரோண்டாவும் வந்து, மேலே எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பின்கதவைச் சாத்தப் போனவள் குனிந்தாள்.

"பெரியவரே, கீழ சாம்பல் நிறமா தெரியுதே, என்னது?"

"கான்கிரீட் கட்டை."

"இது மரத்துக்கு மட்டும் உள்ள தொட்டி. கலந்து கொண்டுபோனா குப்பைக் கிடங்குல திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கே."

"அதை யாரு படிச்சா?"

"அது தெரியுது" என்றாள். "பக்கத்துல இன்னொரு தொட்டி எடுக்கணும். பன்னெண்டு மணிக்கு வரேன். அதுக்குள்ள எடுத்து வையுங்க."

கட்டை எல்லாம் அடியில். எடுக்க வேண்டுமானால் நாலு நாள் அடுக்கினதைக் கலைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒருவனால் ஆகாது. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்லிஸ் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினாள். "கையுறை இன்னொரு ஜோடி இருக்கா?"

"பந்தயம் என்ன ஆகறது?"

"வாயை மூடிட்டுச் சட்டத்தைப் பிடிங்கப்பா."

இழுத்து வெளியே போட்டோம், கட்டைகளை உருட்டினோம், மறுபடி அடுக்கினோம். நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் அடுக்கினாள். நீளச் சட்டங்களை ஓரத்தில் நிமிர்த்தி வைத்தாள். கட்டை இருந்த இடத்தில் படிக்கட்டுத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் சொருகினாள். எங்கே கற்றாள் என்று கேட்கவில்லை. கட்டை போன இடத்தைக் கழித்துப் பார்த்தாலும் அவள் அடுக்கினது என்னுடையதைவிட நாலு விரல் தாழ்ந்து நின்றது. நாற்பது வருடம் கப்பல் துறையில் சரக்கு ஏற்றினவன் நான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரோண்டா வந்து கதவைச் சாத்தினாள். "அடுக்கினது யாரு?"

"அவருதான்" என்றாள் மார்லிஸ்.

"பொய்" என்றேன். "இவ. என் மக."

தொட்டி வண்டியில் ஏறித் தெருவைத் தாண்டிப் போனது. ஒன்பது கட்டைகளும் புல்லில் கிடந்தன. மார்லிஸ் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒரே தொட்டியில போயிடுச்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"நீ உட்கார்ந்திருக்கறது என்ன?"

"இது கான்கிரீட்டு. மரத்தளம் இல்ல."

"அது மேலதாண்டி முப்பத்தெட்டு வருஷம் தளம் நின்னுச்சு. அதுவும் தளந்தான். நான் ஒருத்தனா செய்யவும் இல்ல. தோத்துட்டேன்."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஜெயிச்சவ நீ, ஒத்துக்காம இருக்கறதுக்கு நீ யாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பிச்சை போட்ட வெற்றி வேண்டாம். அதற்காக வீட்டைக் கொடுக்கவும் மனமில்லை. யோசித்துச் சொன்னேன்.

"வேலையில பாதி உன்னுது, பாதி என்னுது. பனி மாசமெல்லாம் உன் வீட்ல இருக்கேன். உருகினதும் திரும்பி வந்துடுவேன். விக்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"நவம்பர்லயே வரீங்களா?"

"மான் வேட்டை முடியட்டும்."

"அப்போ டிசம்பர் ஒண்ணாந்தேதி. அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போவேன்."

"வரேன். ஆனா அங்க விறகு அடுக்கறது நான்தான்."

"முதல்ல நான் எப்படி அடுக்கியிருக்கேன்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

பார்க்கத்தான் போகிறேன். நன்றாகத்தான் இருக்கும்.