பெருங்காயச் சோதனை

நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் ரெம்யாவுக்கு அந்த வாரம் முழுக்க அப்பா மேல்தான் சந்தேகம். தாசையனுக்கு ஆரியசாலையில் மொத்தக்கடை. லாரிக்காரர்கள், சுமடு தூக்குகிறவர்கள் என்று ஓயாத ஆள்நடமாட்டம். அவருடைய மாஸ்க் தாடையைத்தான் காத்துக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா எலிசாளுக்கோ ஆஸ்துமா. கொரோனா அவள் நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் என்று ரெம்யா பாடமாகவே படித்திருந்தாள். படித்ததே வினையாகி, தூக்கம் போயிற்று.

கொரோனா வந்தால் மூக்குக்கு வாசம் தெரியாது. அதனால் வீட்டில் புதுச் சட்டம். காலையில் பெருங்காய டப்பாவை ரெம்யா ஒவ்வொருவர் மூக்கடியிலும் நீட்டுவாள். வாசம் தெரிந்தால்தான் காப்பி.

வியாழக்கிழமை அப்பா இருமினார்.

"கடையில மொளகாவத்தல் மூடை பிரிச்சேன் மக்களே, அந்தக் காறல்" என்றார்.

அவள் நம்புவாளா? கடையைப் பூட்டச் சொல்வார்கள் என்று மறைக்கிறார். மறுநாள் காலியான பழைய டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்தாள். தானே முகர்ந்தும் பார்த்தாள். துளி வாசமில்லை. அதைத்தான் நீட்டினாள்.

"மணக்குதாப்பா?"

"பின்னே? நல்லா மணக்குது."

கள்ளன் அகப்பட்டான்! ரெம்யாவுக்கு ஆத்திரத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

"பொய் சொல்லாதீங்க! உள்ள ஒண்ணுமே இல்ல. அம்மைய கொல்லவா பாக்கியோ?"

தாசையன் திகைத்துப்போய் மறுபடி முகர்ந்தார். "பத்து வருசம் காயம் கெடந்த டப்பா மக்களே. ஒரு கழுவுல போவுமா?"

அடுக்களை வாசலிலிருந்து எலிசாள் சொன்னாள்: "எனக்கு இங்க வரைக்கும் வருதே, மோளே."

ரெம்யா டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தாள். ஒன்றுமில்லை. அலமாரியிலிருந்து நிஜ டப்பாவை எடுத்துத் திறந்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை ரெக்கார்டில் கையெழுத்து வாங்கக் கல்லூரிக்குப் போனபோது, நான்கு தோழிகளோடு மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே மேசையில் சாப்பிட்டிருந்தாள். எல்லாம் நர்சிங் பிள்ளைகள், விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்ன மோளே, முகம் வெளிறிப்போச்சு?" எலிசாள் காப்பி டம்ளரோடு அருகே வந்தாள்.

"வராதம்மா! அங்கேயே நில்லு!"

ரெம்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இந்த நாலு நாளும் குனிந்து குனிந்து அம்மாவின் மூக்கடியில் டப்பாவை நீட்டியது அவள்தான்.