வகானி அழைக்கிறார்

தையல்காரரின் வாயில் எப்போதும் ஆறேழு குண்டூசிகள் இருக்கும். அதனால்தான் அவர் பேசுவதில்லை என்பார்கள் சிலர். பேசிவிடக் கூடாதென்றே மனுஷன் ஊசியைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்பவர்களும் உண்டு. எது எப்படியோ, இருபத்தாறு வருடமாக அந்தத் தெருவின் இடுப்பும் கழுத்தும் தொடையும் அவருக்கு அத்துப்படி. ஒருவருடைய அளவும் இன்றுவரை அவர் வாயைத் தாண்டி வெளியே வந்ததில்லை. தெருவும் சும்மா விட்டதா என்ன?

"பேக்கரிக்காரர் இப்ப எத்தன அங்குலம் இருப்பாரு? நாப்பத்திநாலு? சும்மா தலைய மட்டும் ஆட்டுங்களேன்" என்பாள் மாடி வீட்டு அக்கா, தைக்கத் தேவையே இல்லாத திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு.

"உம்" என்பார் தையல்காரர். அந்த "உம்"மிலிருந்து யாராலும் ஒரு நூல் அளவுகூடக் கறக்க முடிந்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் நடன மாஸ்டரும் அவரிடம் வந்தார். மாஸ்டருக்கு வலது கால் இடது காலைவிட முக்கால் அங்குலம் நீளம். ஆடும்போது தெரியாது. நிற்கும்போது கால்சட்டையின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். தையல்காரர் இடது காலை முக்கால் அங்குலம் குட்டையாக வெட்டி, இரண்டு ஓரமும் ஷூவின் மேல் ஒரே இடத்தில் உட்காரும்படி செய்துவிடுவார்.

"அண்ணே, இது மட்டும் வெளிய தெரிஞ்சா கோணக்கால் மாஸ்டர்னு பேரு வெச்சிருவாங்க. அப்புறம் யார் என்கிட்ட ஆடக் கத்துக்குவா? என் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு."

"உம்."

பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைக்கும் மனைவிக்குக்கூட அவர் இதைச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட கடைக்குள்தான் மருமகன் அந்தப் புதுப் போனைக் கொண்டுவந்து வைத்தான்.

பழைய போனில் இருந்த நம்பர்களை எல்லாம் ஒரே மூச்சில் புதியதுக்கு மாற்றினான். மாமனாரைப் பார்த்தான்: இரண்டு கையிலும் துணி, வாயில் ஊசி, கண்ணாடி நெற்றியில். "மாமா, யார் கூப்புடுறாங்கன்னு நீங்க எட்டிப் பார்க்கவே வேணாம். இதுவே பேரச் சொல்லிரும்" என்று எதையோ அழுத்திவிட்டு, கையில் கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

இதில் ஒரு சங்கதி அவனுக்குத் தெரியாது. தையல்காரருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, உடம்புதான் நிற்கும். ஆகவே நம்பர்களை அளவுச் சீட்டில் எழுதுவதுபோலச் சுருக்கித்தான் போனில் போட்டு வைத்திருந்தார். பேக்கரிக்காரர் என்றால் 'தொ. 46'. அதாவது தொப்பை நாற்பத்தாறு. நடன மாஸ்டர் 'வ.கா.நீ.' அதாவது வலது கால் நீளம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண் குரல் கடை முழுக்க ஒலித்தது: "தொ நாற்பத்தாறு அழைக்கிறார்."

மாடி வீட்டு அக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். ஐந்தாவது நிமிடத்தில் பேக்கரிக்காரர் வயிறு முன்னே வர, தான் பின்னே வந்து, "போன எடுக்க மாட்டீங்களா?" என்றபோது அவளுக்குக் கணக்கு நேராயிற்று. இருபத்தாறு வருடமாகக் கிடைக்காத எண்! மத்தியானத்துக்குள் தெருவில் அது தெரியாதவர் பேக்கரிக்காரர் ஒருவர்தான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினொரு மணிக்கு அதே குரல், புள்ளிகளை எல்லாம் விழுங்கி, நீட்டலையும் குறுக்கி, குழைவாகச் சொன்னது: "வகானி அழைக்கிறார்."

மனைவியின் மெஷின் நின்றது.

தையல்காரர் பாய்ந்துபோய் அழைப்பைத் துண்டித்தார். அங்கேதான் தப்புச் செய்தார். எடுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். மாஸ்டர் விடுவாரா? மறுபடியும் "வகானி அழைக்கிறார்." மறுபடியும் துண்டித்தார்.

"யாருங்க அது வகானி?"

"அது... ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவ எதுக்கு ரெண்டு தடவ கூப்புடுறா?"

உண்மையைச் சொன்னால் வீட்டில் நிம்மதி. ஆனால் மாஸ்டரின் பிழைப்பு போய்விடும், திரைச்சீலையோடு அக்கா வேறு உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஊசிகளை இறுக்கிக் கடித்துக்கொண்டார். மனைவி எழுந்தாள், தன் மெஷினை இழுத்து அவருக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டாள், உட்கார்ந்தாள்.

மூன்று நாள் அந்த முதுகைத்தான் பார்த்தார். அவர் கொடுத்த துணி மட்டும் தைத்து வந்தது, பேச்சு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கப்போவதாகச் சுவரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பயணமாம்.

அவர் மருமகனைப் போனில் பிடித்தார். "மாப்பிள்ள, இந்தம்மா வாய எப்படி அடைக்கிறது?"

"எந்தம்மா வாய மாமா? அத்தையா?"

"போனுக்குள்ள இருக்கிற அம்மாங்க!"

"அதுவா? செட்டிங்ஸ் உள்ள போங்க."

"கடைக்கு உள்ளதான் இருக்கேன்."

"போனுக்கு உள்ள மாமா!" என்பதற்குள் அவன் வேலைக்குப் போகும் ரயில் எங்கேயோ சுரங்கத்தில் நுழைந்துவிட்டது. தையல்காரர் போனைத் துணிக்குவியலுக்கு அடியில் புதைத்தார். அந்தம்மா அங்கிருந்தும் தெளிவாகவே அழைத்தாள்.

தெருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வகானி ஒரு துணி வியாபாரி என்றார்கள். வேறு தேசத்துக்காரி, சுருட்டை முடி என்றார்கள். "அந்தப் பேரே சரியில்ல. குடும்பப் பொம்பளைக்கு இப்படிப் பேரு வெப்பாங்களா?" என்றாள் மாடி வீட்டு அக்கா. ஊமை மாதிரி இருக்கிறவர்களை நம்பவே கூடாது என்று பேக்கரியில் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை. மனைவியின் பெட்டி கடை வாசலில் தயாராக இருந்தது. அக்கா வழியனுப்ப என்று வந்து உட்கார்ந்திருந்தாள், பயணம் மறுநாள்தான் என்றாலும். குவியலுக்குள்ளிருந்து குரல்: "வகானி அழைக்கிறார்."

இந்த முறை மனைவி முந்திக்கொண்டாள். துணியைத் தள்ளி, போனைப் பிடுங்கி, காதில் வைத்தாள்.

"யாரும்மா நீ?"

"நான் மாஸ்டருங்க அண்ணி. பேண்ட் ஆயிருச்சான்னு கேக்கத்தான்... நாலு நாளா அண்ணன் கட் பண்ணிட்டே இருக்காரு."

அவள் போனைக் கீழே வைத்தாள். முகத்தில் நிம்மதி பாதி வந்து, அப்படியே நின்றது. "மாஸ்டருக்கு எதுக்குங்க பொம்பளப் பேரு?"

அக்காவின் கழுத்து ஒரு சாண் நீண்டது.

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேசையில் இருந்த குட்டி ஊசி மெத்தையில் குத்தினார். ஏழு ஊசி. அவர் இவ்வளவு தயார் செய்துகொண்டு பேசி யாரும் பார்த்ததில்லை.

"அது... அவரு மேடைப் பேரு. முன்னாடி வெளியூர்ல ஆடினப்ப வெச்சுக்கிட்டது. அவருக்குக் கூச்சம், அதான் நான் சொல்லல. வெளிய சொல்லிடாதீங்கக்கா."

"சே சே, நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்று அக்கா எழுந்தாள். திரைச்சீலையை மறந்து வைத்துவிட்டே போனாள்.

மனைவி பெட்டியை உள்ளே தூக்கி வைத்தாள்.

சாயங்காலமே மாஸ்டரை நாலு பேர் வகானி மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை புதிதாக ஆறு பேர் ஆடக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்கள். வெளியூர் மேடைகளில் ஆடியவராமே! அன்று மாலை மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, எனக்கு மேடைப் பேரு இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"உம்."

"நல்லாத்தான் இருக்கு. ஏதாவது அர்த்தம் இருக்கா?"

தையல்காரர் யோசித்தார். பொய் இரண்டாவது முறை வரவில்லை. "நீளம்னு ஏதோ வரும்" என்றார்.

"அடேயப்பா, பேரு நீண்டு நிக்கும்னு சொல்லுங்க!"

அடுத்த வாரம் எதிரே பேக்கரிக்கு மேலே பெரிய பெயர்ப்பலகை ஏறியது. சிவப்பில், ஆளுயர எழுத்தில்: வகானி நடனப் பள்ளி. எந்தச் சேதியை மறைக்க மாஸ்டர் இத்தனை வருடம் கால்சட்டை தைக்கக் கொடுத்தாரோ, அதற்கு இப்போது தெரு முனைவரை விளக்குப் போட்டிருந்தார்.

தையல்காரர் தன் மேசையிலிருந்து அதைப் பார்த்தபடி ஊசிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவியின் மெஷின் பழையபடி அவர் பக்கம் திரும்பியிருந்தது. மாஸ்டரின் கால்சட்டையை இஸ்திரி போட எடுத்தவள், இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தாள். ஒன்று முக்கால் அங்குலம் குட்டை. பிரித்து மறுபடி மடித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, அதில் இருந்த எழுத்தைப் படித்தாள். எதிர்ப்பக்கத்துப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, போர்டு எழுதினவன் மூணு புள்ளி விட்டுட்டான் போலிருக்கே?"

தையல்காரர் ஒரு ஊசியை விழுங்கப் பார்த்தார்.

"இந்தா... யார்கிட்டயும்..."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அக்கா மறந்துபோன திரைச்சீலைக்காக இறங்கி வந்துகொண்டிருந்தாள். "என்ன புள்ளி? யாருக்குப் புள்ளி?"

மனைவி மெத்தையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"உம்" என்றாள்.